மந்திரம் கேட்கும் ஞாயிறு

எங்கள் கோயில் பங்கில் கலியாணம் நிச்சயமான பையனை யாரும் சொல்லாமலே தெருவில் கண்டுபிடித்துவிடலாம். சைக்கிள் மிதித்துக்கொண்டே உதட்டை அசைத்துக்கொண்டு போவான். கூப்பிட்டால் காதில் விழாது. பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஒருவன் அப்படி முணுமுணுத்துக்கொண்டே போய்க் கட்டை வண்டியில் மோதிக்கொண்டான். "இன்னா நைனா, ஊட்ல பேசறதுக்கு ஆள் இல்லியா?" என்று வண்டிக்காரன் கேட்டானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

வேதக்காரர்களாகிய, அதாவது கிறிஸ்தவர்களாகிய நாங்கள் மந்திரம் என்று சொல்வது எங்கள் செபங்களைத்தான். கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசிப்பதற்கு முன் பையனும் பெண்ணும் மந்திரங்களை ஒப்பிக்க வேண்டும். பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம், பத்துக் கற்பனை என்று வரிசையாக. வேறு ஊர்களில் சாமியார் தம் அறையில் வைத்துக் கேட்டுக்கொள்வாராம். எங்கள் பங்கில் பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் நிற்க வைத்து, எல்லோர் எதிரிலும் கேட்பார்கள். அன்றைக்கு ஒருவரும் எழுந்து வீட்டுக்குப் போக மாட்டார்கள். நாடகம் பார்க்கிற மாதிரி குழந்தைகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒப்பிக்கத் தெரியாதவன் மறுபடி வர வேண்டும். அதுவரை தினமும் சாயங்காலம் கோயில் தாழ்வாரத்தில், முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குப் படிக்கிற சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதை யாரும் தண்டனை என்று நினைத்ததில்லை. ஊருக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். கலியாணத்துக்குப் பிறகும் சில வருஷம் அவனை அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

நான் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரர் விஷ சுரத்தில் போன பிறகு கைமெஷினில் ரவிக்கையும் சட்டையும் தைத்துக் குடித்தனம் நடத்தினேன். கோயில் பீடத் துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பதும் நான்தான். ஆனால் சாமியாரிடம் "தோத்திரம் சாமி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோயிலிலும் பெண்கள் பக்கத்தில் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் என் இடம்.

எனக்கு ஒரே பிள்ளை. அவன் கூச்சப்பட மாட்டான். சின்ன வயசில் வீட்டில் செபமாலையை அவன்தான் தொடங்குவான். அவன் அப்பா படுக்கையில் கிடந்த நாட்களில் முழங்கால் போட்டு, புத்தகம் பார்க்காமல் பிரார்த்தனையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லுவான். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கிருந்தே 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று அவனுக்குப் பதில் சொல்லுவார்கள். அதனால், கொரட்டூரில் அவனுக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்த பிறகு, அவன் உதடு அசையாமல் சைக்கிளில் போவதைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இவனுக்குப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஜப்பான்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆவடியில் பட்டாளத்துக்கு டிப்போ கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் அங்கேதான் வேலைக்குப் போனார்கள். என் பிள்ளைக்கு ஸ்டோரில் வேலை. முதலில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை பார்த்துவிட்டு வேலைக்குப் போவான். பிறகு ஞாயிறு முழுக்க டியூட்டி என்றான். சண்டைக் காலத்தில் ஞாயிறு ஏது என்று நானும் நம்பினேன்.

மந்திரம் கேட்கும் ஞாயிறு வந்தது. பெண்தான் முதலில் ஒப்பித்தாள். தலைமுக்காட்டைப் பிடித்துக்கொண்டு, எங்கும் நிற்காமல் சொல்லி முடித்தாள். அவளுடைய அப்பா கொரட்டூர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சாமியார் வெள்ளைக்காரர், வயதானவர். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே தமிழ் பேசுவார். என் பிள்ளையைப் பார்த்து, "மகனே, தொடங்கும்" என்றார்.

அவன் தொடங்கவில்லை.

சாமியாருக்குப் பக்கத்தில் நின்ற, செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். கொஞ்சம் பொறுத்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இன்னும் சத்தமாக எடுத்துக் கொடுத்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து எனக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

"வரல சாமி" என்றான்.

"டிப்போவுல குண்ட எண்ணத் தெரியுது, கற்பனை பத்த எண்ணத் தெரியலியா அண்ணாத்தே?" என்றார் உபதேசியார். கோயிலே சிரித்தது. சாமியார்கூடச் சிரித்தார். என் பிள்ளையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "நாளை முதல் சிறுவர்களோடு வந்து அமரும்" என்று சொல்லிவிட்டுச் சாமியார் உள்ளே போனார்.

வெளியே படியில் பெண்ணின் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாங்கம்மா இது? பையன் தங்கம்னு சொன்னாங்கோ. பரலோக மந்திரம்கூடவா வராது? ரெண்டு வாரம் பாப்பேன். அதுக்குள்ள மொதல் ஓலை வாசிக்கலன்னா கிறிஸ்துமசுக்கு மிந்தி ஆகமனத் தவக்காலம் வந்துடும். ஆகமனத்துல ஏது கலியாணம்? ஜனவரி மாசம் மூணு ராஜா திருநாள் வரைக்கும் பொண்ண வச்சிகினு குந்தியிருக்க என்னால ஆவாது. அரக்கோணத்துல ஒரு எடம் கேட்டுகினே கீறாங்கோ."

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "மறந்துட்டியாடா?"

"இல்லம்மா."

"அத்தினி பேர பாத்து வெக்கமா?"

"எனக்கு இன்னா வெக்கம்?" சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "எல்லாம் ஞாபகம் கீது. ஒரு எழுத்து தப்பாம சொல்லுவேன். அந்த விசுவசிக்கிறேன்னு வர்ற எடம் கீதே, அத சொல்ல வாய் வரல. நான் விசுவசிக்கலம்மா."

அவன் இதைச் சொன்னபோது குரலில் ஒன்றும் இல்லை. தண்ணீர் எடுத்துக் குடித்தான்.

அன்றைக்குப் பகல் முழுக்க அவனிடம் காரணம் கேட்டேன். அந்தக் காலத்தில் சாமி இல்லை என்று பேசுகிறவர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனாயா என்றேன்.

"போனேன். கேட்டேன். கத்தறாங்கோ. அவங்களுக்கு சாமி மேல கோவம். எனக்குக் கோவம்கூட இல்ல."

அப்பாவுக்காக அவ்வளவு வேண்டியும் சாமி கைவிட்டுவிட்டதே, அதனாலா என்றேன். "அப்பா செத்தப்பறமும் நான் நல்லாதான் செபம் பண்ணிகினு இருந்தேன். ஒனக்கே தெரியும்" என்றான்.

கோயில் நடுவில் ஒரு மரக் கிராதி உண்டு. சேரி ஜனங்கள் அதற்கு அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும். டிப்போவில் அவனோடு ஒன்றாகச் சாப்பிடுகிற சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமை கிராதிக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவதைப் பற்றி அவன் முன்பே என்னிடம் கசப்பாகப் பேசியிருக்கிறான். அதுதானே என்று கேட்டேன்.

"அது தப்புதான். நாளைக்கே அத பேத்து எறிஞ்சாலும் நான் வந்து கை தட்டுவேன். அத எடுத்துட்டா மட்டும் எனக்கு விசுவாசம் திரும்பி வந்துடுமா?"

"பின்ன எப்படிடா போச்சு?"

என்னை ஏமாற்றாமல் சொல்ல வேண்டும் என்று அவன் பாடுபட்டது தெரிந்தது.

"பருத்திப்பட்டு ஏரிக்கரை மேல சைக்கிள்ல போய்கினு இருந்தேன். தெனம் போறப்ப சொல்ற மாதிரி செபம் சொல்லிகினுதான் போனேன். பாதியில நிறுத்திட்டேன். நிறுத்தினதுக்கு ஒண்ணும் ஆவல. ஏரி அப்படியேதான் இருந்திச்சி. மறுபடி சொல்லிப் பாத்தேன். அப்பவும் அப்படியேதான் இருந்திச்சி. அவ்ளோதாம்மா."

அவன் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருந்தால் நான் அதோடு சண்டை போட்டிருப்பேன். டிப்போ வேலையை விடச் சொல்லியிருப்பேன். கூட்டத்துக்குப் போகாதே என்று காலில் விழுந்திருப்பேன். காரணமே இல்லாத ஒன்றை நான் எதைப் பிடித்து இழுப்பது? அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. எங்கேயோ ஒரு காரணம் இருக்கிறது, இவன் மறைக்கிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ ஏன் சாமியார்கிட்ட வரலன்னு சொன்னே?"

"மறந்துட்டான்னா உன்ன பாத்து சிரிப்பாங்கோ. விசுவாசம் இல்லன்னா உன்ன பாத்து அழுவாங்கோ. சிரிச்சிட்டுப் போவட்டும்."

பெண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கொரட்டூர் போனபோது அவளிடம் சொல்லிவிட்டானாம். "அதுக்கு இன்னா இப்போ, மந்திரத்த மட்டும் சொல்லிடுங்க, இல்லன்னா அப்பா ஒத்துக்க மாட்டாரு" என்றாளாம். நிற்காமல் ஒப்பித்த பெண். தலைமுக்காட்டை அவள் பிடித்துக்கொண்டு நின்றது என் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் முதல் அவன் தாழ்வாரத்துக்குப் போனான். டிப்போவிலிருந்து நேரே போய், காக்கிச் சட்டையோடு பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்காருவான். முழங்கால் இரண்டு பக்கமும் இடிக்கும். "மாமா, தள்ளிக் குந்து" என்று பிள்ளைகள் விரட்டும். உபதேசியார் சொல்லச் சொல்ல எல்லாம் கத்திச் சொல்லும். இவன் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். பீடத் துணி எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது நான் பார்க்காத மாதிரி போவேன். "ஒன் புள்ளைக்கு மண்டையில டிப்போ தகரம் ஏறிகிச்சி, ஒண்ணும் உள்ள போவ மாட்டேங்குது" என்பார் உபதேசியார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது விளையாட்டு.

அந்த வாரம் ஒரு நாள் துணியோடு சாமியார் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். படித்தவர், என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், அவனிடம் பேசினால் ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். அவர் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "தோத்திரம் சாமி" என்றேன். ஆசீர்வாதம் சொன்னார். துணியை வைத்துவிட்டு நான் போகாமல் நின்றதைப் பார்த்து, அவரே பேசினார்.

"கலங்க வேண்டாம் அம்மா. மறதி பாவம் அல்ல. உமது மகன் நல்லவன். படித்தால் வந்துவிடும்."

அவ்வளவு அன்பாகச் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் ஈரமாக இருந்தன, வயதானவர்களுக்கு இருக்கிற மாதிரி. இவரிடம் எப்படிச் சொல்வது? கப்பலேறி இவ்வளவு தூரம் வந்து, சொந்த பாஷையை விட்டு எங்கள் பாஷை படித்து, எங்கள் மண்ணிலேயே புதைக்கச் சொல்லி இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறவர். "ஆமா சாமி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது வாரம் முடிகிற நேரம். சனிக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்தான். நான் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லிடுடா" என்றேன். "சும்மா சொல்லிடு. மந்திரம்தானே. எல்லாருந்தான் சும்மா சொல்றாங்கோ."

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பின மாதிரிக் கேட்டான்.

"நீயும் சும்மாதான் சொல்றியாம்மா?"

இல்லை என்று சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். அது வருவதற்குள் அவன் மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டான். "சரி, சொல்லிடறேன்" என்றான்.

ஞாயிறு பூசை முடிந்தது. ஜனங்கள் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவையும் தடுமாறுவான் என்று எதிர்பார்த்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. சாமியார் தொடங்கும் என்று சொல்வதற்குள் அவன் தொடங்கினான். டிப்போ ஸ்டோரில் சாமான்களைப் பெயர் சொல்லிப் பட்டாளத்துக்காரனிடம் ஒப்படைப்பானாம், அந்த மாதிரி. மெல்லவும் இல்லை, வேகமும் இல்லை. விசுவாச மந்திரத்தில் அந்த வார்த்தை வந்தது. அது முன்னால் வந்த வார்த்தைக்கும் பின்னால் வந்த வார்த்தைக்கும் சமமாக இருந்தது. எங்கும் தடுக்கவில்லை. பத்துக் கற்பனையும் சொல்லி, கேட்காமலே, பாவத்துக்கு வருந்திச் சொல்கிற உத்தம மனஸ்தாப மந்திரமும் சொல்லிவிட்டு நிறுத்தினான்.

சாமியார் பீடத்துக் கிராதியைத் திறந்துகொண்டு இறங்கி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். "கண்டீர்களா! கண்டீர்களா!" என்று ஜனங்களைப் பார்த்துச் சொன்னார். உபதேசியார் தம்முடைய கெட்டிக்காரத்தனம்தான் என்கிற மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார். பெண்ணின் அப்பா திரும்பி என்னைத் தேடி, தூணுக்குப் பின்னால் கண்டுபிடித்துக் கும்பிட்டார். முதல் ஓலை அன்றைக்கே வாசித்தார்கள்.

தாழ்வாரத்துப் பிள்ளைகள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக் குதித்தன. அவனும் அவர்களோடு சிரித்தான். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். முதல் ஞாயிறு அவன் சும்மா நின்றானே, அப்போது அவனுக்கும் சர்வேசுரனுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருந்தது. இல்லை என்று சொல்லவாவது அவனுக்கு அது பெரிதாக இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. போகச் சொன்னது நான். கலியாணம் நடக்க வேண்டுமே என்று சொன்னேன். மறுபடி அந்த நாள் வந்தாலும் அதைத்தான் சொல்லுவேன் என்று நினைக்கிறேன். வேறு என்ன சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆகமனத்துக்கு முன்னால் கலியாணம் நன்றாகவே நடந்தது. டிப்போவுக்குப் பக்கத்தில் அறை பார்த்துக்கொண்டு போனார்கள். நல்ல பிள்ளைகள். மாதம் தவறாமல் வந்து என்னைப் பார்ப்பார்கள். கோயில் பேச்சு எடுக்க மாட்டார்கள். நானும் எடுக்க மாட்டேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பாயிண்ட்ஸ்மேன் கேட்டார் என்பதற்காக. அதற்குப் பிறகு அவர்களைக் கோயிலில் பார்த்தது கிறிஸ்துமசுக்குத்தான். அதுவும் அவன் வெளியே மரத்தடியில் மற்றப் பையன்களோடு பேசிக்கொண்டு நின்றான். மற்றப் பையன்களும் உள்ளே வரவில்லை.

டிப்போவும் சினிமாவும் வாலிபர்களைக் கெடுத்துவிட்டன என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். சண்டை முடிந்தது. டிப்போவில் நிறையப் பேரை நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை என்ற பேச்சே இல்லை. இனி வருவார்கள் என்று நானும் மற்றத் தாய்மார்களும் எதிர்பார்த்தோம். வேலை இல்லாமல் வீட்டில் சும்மா படுத்திருந்தார்களே தவிர வரவில்லை. ஆண்கள் பக்கத்தில் முன்னால் சின்னப் பிள்ளைகள், பின்னால் கிழவர்கள். நடுவில் தரை காலியாகக் கிடக்கிறது. மரக் கிராதி மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கமும் தரை காலிதான்.

நான் ஞாயிறு தவறுவதில்லை. எல்லோரோடும் சேர்ந்து விசுவாச மந்திரம் சொல்லுகிறேன். அந்த வார்த்தை வரும்போது ஒரு கணம் நின்றுவிடுகிறேன். மற்றவர்கள் முன்னால் போய்விடுகிறார்கள். பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்கிற மாதிரி சேர்ந்துகொள்கிறேன்.

இந்த வருஷம் வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு அம்மாள் என்னைத் தேடி வந்தாள். கோயிலில் பார்த்த பழக்கம்தான். அவளும் என்னைப் போல அதிகம் பேசாதவள். ரவிக்கைத் துணி கொண்டுவந்திருந்தாள். அளவு எடுத்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பிள்ளைக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. போன ஞாயிறு அவனும் மந்திரம் வரவில்லை என்று நின்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒன் புள்ள ரெண்டே வாரத்துல சொன்னானாமேக்கா" என்றாள்.

"ஒம் புள்ளையும் சின்ன வயசுல நல்லா சொல்லுவானே" என்றேன். அவன் குரலை நானே கேட்டிருக்கிறேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயிலில் வந்தவள்தான், ஆனாலும் துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீ இன்னா சொல்லிக்கா அவன சொல்ல வச்சே?"

நான் கைமெஷினைச் சுற்றுவதை நிறுத்தினேன்.

"சும்மா சொல்லிட்டு வாடான்னு சொன்னேன்."

"அது போதுமா?"

"சாமியாருக்குப் போதும்" என்றேன்.

அவள் சரி என்று தலையசைத்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த ஞாயிறு அவள் பிள்ளை ஒரு வார்த்தை தப்பாமல் ஒப்பித்தான். சாமியார் அவனையும் கட்டிக்கொண்டார்.